ஒருநாள் பெண்மை: ரூகாவும் கங்கம்மாவும்

சென்ற வாரம் சித்தூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஆய்வு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, 'ஸ்டைன்ஸ் கேட்' என்னும் ஜப்பானிய அனிமே தொடரின் 18-ஆம் பகுதியைப் பார்த்தோம். முடிந்தபோது பலருடைய கண்கள் கலங்கியிருந்தன. ஒருவர் மட்டும் கலங்காமல் இருந்தார். "அந்தப் பெண்ணை மறுபடியும் ஆணாக்கிவிட்டார்கள். நாமோ ஆக்கியவனுக்காக அழுதுகொண்டிருக்கிறோம். ஏன்?" என்று கேட்டார். எங்களில் எவரிடமும் விடை இல்லை. திருப்பதிக்குத் திரும்பிய பேருந்தில் அக்கேள்வி என்னை விடவில்லை. இப்பதிவு, அங்கே சொல்ல முடியாமற்போன விடையை எழுதிப்பார்க்கும் முயற்சி. சற்றே நீளமானது, பொறுத்தருள்க.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-இல் கணினி விளையாட்டாக வெளிவந்து, 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பான அறிவியல் புனைகதை இது. டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் வாழும் ஒகாபே என்னும் மாணவன், தன் நண்பர்களோடு சேர்ந்து கடந்தகாலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியொன்றைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறான். ஒவ்வொரு செய்தியும் வரலாற்றைச் சிறிது மாற்றுகிறது. மாற்றத்திற்கு முந்தைய உலகின் நினைவு அவன் ஒருவனுக்கு மட்டுமே எஞ்சுகிறது.

அந்நண்பர்களில் ஒருவர் ரூகா உருஷிபாரா. கோயில் பூசாரியின் பிள்ளை, ஆணாகப் பிறந்தவர், கோயிற்பணிப் பெண்டிரின் உடையணிந்து கோயில் வாசலைப் பெருக்குபவர், மெல்லிய குரலும் கூச்ச இயல்பும் உடையவர். தொடரின் தொடக்கத்தில் ஒகாபே இவருடைய அழகை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஆனாலும் ஆண்தான்' என்ற பொருளில் முத்தாய்ப்பு வைக்கிறான். இரசிகர்களிடையே அது பெரும் நகைச்சுவையாகப் பரவியது. ரூகாவுக்கு ஒரே ஒரு விருப்பம்: பெண்ணாக வேண்டும். தாய் கருவுற்றிருந்த காலத்துக்குச் செய்தி போகிறது. காய்கறி மிகுதியாக உண்டால் பெண்குழந்தை பிறக்கும் என்னும் செவிவழி நம்பிக்கையே அச்செய்தியின் உள்ளடக்கம். செய்தி பலிக்கிறது, ரூகா பெண்ணாகப் பிறந்தவளாகிறாள்.

பின்னர் ஒகாபேயின் இளமைத் தோழி மயூரி இறக்கிறாள். எத்தனை முறை காலத்தைப் பின்னோக்கித் திருப்பினாலும் அந்த இறப்பைத் தடுக்க இயலவில்லை. அவளைக் காக்க வேண்டுமானால், இதுவரை அனுப்பிய செய்திகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக நீக்கியாக வேண்டும். ரூகாவின் முறை வருகிறது. அவள் உடன்படுகிறாள், ஒரு நாள் மட்டும் ஒகாபேயின் காதலியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். அந்த ஒரு நாள் தரப்படுகிறது. அதன்பின் அவள் அழிக்கப்படுகிறாள்.

'அவள்' என்று எழுதிவிட்டேன். இந்த இடத்தில் தமிழில் எழுதுபவனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஜப்பானிய மொழியின் வினைமுற்றுகள் பால் காட்டுவதில்லை. ஒருவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியும் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் தப்பிவிடலாம். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும். மேலே ரூகாவை அறிமுகப்படுத்தும்போது 'பெருக்குபவர்' என்று மரியாதைப் பன்மைக்குள் நான் ஒளிந்துகொண்டதைக் கவனித்திருப்பீர்கள். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் ஒளிகிறோம்.

நம் இலக்கணிகள் ஒளியவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இச்சிக்கலை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை; உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே அவை முடியும் என்கிறார். அதே நூற்பாவில், அதே விதிக்குள், தெய்வப் பெயர்களையும் சேர்க்கிறார். பிற்காலத்து நன்னூலில் பவணந்தி முனிவர் இன்னும் ஓரடி முன்னே வைக்கிறார். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். உறுப்பையும் பிறப்பையும் அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை, அவாவுதலையே கொள்கிறார். உடனே, இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் ஆவர் என்று அதே நூற்பாவை முடிக்கவும் செய்கிறார். ஒரு கையால் பாலைத் தந்து மறுகையால் திணையைப் பறித்துக்கொள்ளும் இந்த இரட்டைப்போக்கு இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை. நன்னூலின் முற்பகுதியை ஏற்று, பிற்பகுதியை மறுத்து, இனி ரூகாவை 'அவள்' என்றே எழுதுகிறேன். செய்திக்கு முன்னும், செய்திக்குப் பின்னும், செய்தி நீக்கப்பட்ட பின்னும். விரும்பியவள் அவள்தானே.

இனி அந்த ஒரு நாளுக்கு வருவோம். அதைப் பார்த்தபோது எனக்கு அகிஹபாரா தோன்றவில்லை, திருப்பதி தோன்றியது.

மே மாதத்தில் இங்கே தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை நடைபெறுகிறது. கங்கம்மாவைத் திருமலை வேங்கடவனின் தங்கையாக இவ்வூர் கொண்டாடுகிறது. அண்ணன் வீட்டுச் சீராக மலையிலிருந்து அவளுக்குச் சேலை வருகிறது. பாளையக்காரன் ஒருவன் மணமாகும் பெண்களையெல்லாம் தனக்கு உரியவர்களாக ஆக்கிக்கொண்டு கொடுமை செய்தான். கங்கம்மா அவன்முன் தன் பேருருவைக் காட்டியதும் அஞ்சி ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேடம் புனைந்து தெருத்தெருவாகச் சென்றாள். இறுதியில் துரை வேடத்தில் வந்தபோது அவன் நம்பி வெளிவர, அவன் தலையைக் கொய்தாள் என்பது கதை. இந்த வேடங்களைக் கைகால குடும்பத்து ஆண்கள் ஏற்கின்றனர். அது மட்டுமன்று, நேர்த்திக்கடனாக நகரத்து ஆண்கள் பலர் சேலையுடுத்தி, சடைபின்னி, பூச்சூடி, நகை பூட்டிப் பெண்வேடத்தில் கோயிலுக்கு வருகின்றனர். அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் அவர்களில் உண்டு. பெண்கள் வேடம் புனைவதில்லை; முகத்தில் மஞ்சள் பூசிக்கொள்கிறார்கள், அவ்வளவே. அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃபுளூக்கிகர் இத்திருவிழா குறித்து 2013-இல் வெளியிட்ட நூல், உலகம் பெண்ணாகும் பொழுது என்ற பொருளையே தலைப்பாகக் கொண்டது.

திருவிழா முடிந்ததும் ஆண்கள் சேலையைக் களைகிறார்கள். மறுநாள் சட்டைபோட்டு வேலைக்குப் போகிறார்கள். எவரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. மனைவியர் முகம் சுளிப்பதில்லை. தாய்மார்களே பிள்ளைகளுக்குச் சேலை கட்டிவிடுகிறார்கள். இவ்வளவு பரிவும் எதனால் கிடைக்கிறது? அந்தப் பெண்மைக்கு முடிவுநாள் ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால். ரூகாவுக்கு அந்த ஒரு நாளை ஒகாபே தயங்காமல் தந்ததும் இதே காரணத்தால்தான். திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய பெண்மையை நாம் எளிதில் வழங்குகிறோம், வழிபடவும் செய்கிறோம். சேலையைக் களைய மறுப்பவரிடம் நம் முகம் மாறிவிடுகிறது. ஜாத்திரைக் கூட்டத்தில் அம்மன் என்று கும்பிட்ட அதே கை, மறுவாரம் பேருந்து நிலையத்தில் திருநங்கை ஒருவர் அருகே வந்து அமர்ந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறது. என் கையும் அவ்வாறு செய்ததுண்டு. அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை.

2024 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா 2' திரைப்படத்தை இவ்வூரில் பார்க்காதவர் குறைவு. அதன் நாயகன் கங்கம்மா ஜாத்திரையில் சேலையுடுத்தி, முகத்தில் வண்ணம் தீட்டி ஆடும் காட்சிக்குத் திரையரங்கம் அதிர்ந்தது. நாயகன் உடுத்தும்போது சேலை வீரத்தின் அடையாளமாகிறது. அக்காட்சியை நான் குறை கூறவில்லை. ஜாத்திரையின் வீறு அதில் உண்மையாகவே இருக்கிறது. நாயகர்களுக்குச் சேலை ஒரு காட்சி. அதையே வாழ்வாகக் கொண்டவர்கள் துணைப்பாத்திரமாகவே இருந்துவருகிறார்கள் என்பதைத்தான் சொல்லவருகிறேன். தமிழ்த்திரையிலும் இதுவே நிலை. 1995-இல் 'பம்பாய்' படத்தில் கலவரத்தின் நடுவே குழந்தைக்கு அடைக்கலம் தந்தவர் ஒரு திருநங்கை. தந்துவிட்டுக் கதையிலிருந்து நீங்கிவிடுகிறார். 'ஸ்டைன்ஸ் கேட்' ஒளிபரப்பான அதே 2011-இல் 'காஞ்சனா' வந்தது. அங்கே திருநங்கை இறந்தபின் நாயகனின் உடலுக்குள் புகுந்துதான் நியாயம் கேட்க முடிகிறது. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஷில்பா என்னும் திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. விருதின் பெயர் சிறந்த துணை நடிகர்.

துணைப்பாத்திரம் என்பதன் உண்மைப்பொருள் என்ன? குறைந்த நேரம் தோன்றுபவர் என்பதன்று. வேறொருவருடைய கதை முன்னே நகர்வதற்காகத் தன் கதையை விட்டுக்கொடுக்க வேண்டியவர் என்பதே அதன் பொருள். ரூகா அவ்வகையில் முழுமையான துணைப்பாத்திரம்.

இதற்கு நண்பர்கள் எழுப்பிய மறுப்புகள் வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. முதல் மறுப்பு: ரூகா மட்டுமா இழந்தாள்? ஃபேரிஸ் என்னும் தோழி, செய்தியால் உயிர்மீண்ட தன் தந்தையை மறுபடியும் இழக்கிறாள். ஆசிரியர் எல்லோரிடமும் ஒரே விலையைத்தான் கேட்கிறார். இரண்டாவது: ஒருபுறம் ஓர் உயிர், மறுபுறம் ஒருவரின் பாலினம், உயிரைத் தேர்வதில் என்ன பிழை? மூன்றாவது: ரூகா தானே உடன்பட்டாள், அவளிடம் எதுவும் பறிக்கப்படவில்லை.

முதல் மறுப்பில் ஒரு நேர்மை உண்டு. திருநங்கைப் பாத்திரத்தின் விருப்பத்தை, இறந்த தந்தையை மீட்கும் விருப்பத்துக்கு நிகராக வைத்தது 2011-இல் சிறிய செயலன்று. கேலியாகத் தொடங்கிய பாத்திரத்தைத் துயரத்தின் மாண்புக்கு இத்தொடர் உயர்த்தியது, அதை மறுக்கமாட்டேன். ஆயினும் ஃபேரிஸ் தந்தையை இழந்தபின்னும் ஃபேரிஸாகவே இருக்கிறாள். அழுவதற்கு அவள் இருக்கிறாள். ரூகா இழப்பதோ தன்னையே. இழந்ததை நினைத்து அழவும் அங்கே ஒருவரும் எஞ்சுவதில்லை. எஞ்சுவது ஒகாபேயின் நினைவு மட்டுமே. எனவேதான் நாம் அவனுக்காக அழுதோம். மாடியில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை இதுதான்: நினைவை நாயகனிடம் மட்டும் வைத்ததால், துயரமும் அவனுடைய சொத்தாகிவிட்டது.

மூன்றாவது மறுப்புக்கு என் விடை இது. 'நீ நீயாக இருந்தால் மயூரி சாவாள்' என்று சொல்லிவிட்டுப் பெறும் இசைவை இசைவு என்று எப்படிச் சொல்வது? 'நீ இப்படிப் போனால் அம்மா உயிரோடு இருக்கமாட்டாள்' என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதும் இதே மொழிதான். இங்கே அது அறிவியல் புனைவின் விதியாக வந்திருக்கிறது. மூல விளையாட்டில், ஆடுபவர் விரும்பினால் செய்தியை நீக்க மறுத்து ரூகாவோடு வாழும் முடிவைத் தேரலாம்; அம்முடிவும் தோழியைச் சாகவிட்ட குற்றவுணர்வில்தான் தோய்ந்திருக்கிறது. பெண்ணாக வாழ்ந்தால் ஒரு சாவின் கடனைச் சுமந்தே வாழவேண்டும்.

இரண்டாவது மறுப்பே மையமானது. உயிரா பாலினமா என்ற தராசை யார் செய்தது? அதை எழுதியவர்கள் செய்தார்கள். தொடரின் இறுதியைப் பாருங்கள். மயூரியா, குரிசுவா என்று இருவரில் ஒருவர் சாகவேண்டும் என்ற நிலை ஒகாபேக்கு வருகிறது. அங்கே அவன் தராசையே ஏற்க மறுக்கிறான். உலகை ஏமாற்றும் மூன்றாம் வழியொன்றைக் கண்டுபிடித்து இருவரையும் காக்கிறான். தொடரின் புகழ் முழுதும் அந்த மறுப்பின்மேல் நிற்கிறது. அதே மனம், அதே அறிவு, ரூகாவுக்காக ஒரு நாழிகையேனும் மூன்றாம் வழி தேடியதா? இல்லை. அவளுடைய விருப்பம் இறுதி வெற்றிக்குப் பின்னரும் நினைக்கப்படுவதில்லை.

அந்த மூன்றாம் வழிக்குக் காலக்கருவி தேவைப்பட்டிருக்காது என்பதே என்னை மிகவும் உறுத்துகிறது. கதை நடப்பது 2010-இன் டோக்கியோவில். ஜப்பானில் குடும்பப் பதிவேட்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டு 2004 முதல் நடைமுறையில் இருந்தது. கடுமையான சட்டம் அது. அகவை நிறைந்திருக்க வேண்டும், மணமாகியிருத்தல் கூடாது, இனப்பெருக்கத் திறன் இல்லாதிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. கருத்தடை நிபந்தனை அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 25 அன்றுதான் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் பள்ளி வயது ரூகாவுக்கு முன்னால் ஒரு பாதை இருந்தது. நீண்டது, முள் நிறைந்தது, ஆயினும் பாதை. 'உன் செய்தியை நீக்குகிறேன். ஆனால் நீ பெண்ணாக வாழ நான் துணைநிற்பேன்' என்று ஒகாபே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கதையின் கட்டுக்கோப்பு அதனால் குலைந்திருக்காது, மயூரியும் பிழைத்திருப்பாள். நுண்ணலை அடுப்பைக் காலக்கருவியாக்கிய கற்பனைக்கு, ஒரு பெண் தன் ஊரில் தன் பெயரில் வாழ்வது எட்டவில்லை.

நாம் மட்டும் எட்டிவிட்டோமா? இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்பவற்றோடு 'பிறர்' என்ற தெரிவு முதன்முதலாக இடம்பெற்றதும் அதே 2011-இல்தான். 4,87,803 பேர் அவ்வாறு பதிவாயினர். பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 43,769 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் நால்சா வழக்கில், பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் அகவுணர்வே என்றும் அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறியது. பவணந்தியாரின் 'அவாவுதல்' ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் நீதிமன்றத்தில் ஒலித்தது என்று சொல்லத் தோன்றுகிறது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெறவும், ஆண் அல்லது பெண் என்று குறிக்கப்பட வேண்டுமாயின் அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்று காட்டவும் சொன்னது. ஒரு கை தர, மறு கை பறிக்கிறது.

2025 ஜூனில் நம் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. திருநங்கை ஒருவர், கணவர் வீட்டாரின் கொடுமைக்கு எதிராக மனைவியருக்குரிய சட்டப்பிரிவின்கீழ் முறையிட்டிருந்தார். குழந்தை பெற இயலாதவர் முழுமையான பெண் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. பெண்மையைக் கருப்பையால் அளக்க முடியாது, அப்பிரிவின்கீழ் முறையிடும் உரிமை அவருக்கு உண்டு என்றது. அதே தீர்ப்பில், குற்றச்சாட்டுக்குப் போதிய அடிப்படை இல்லை என்று அவ்வழக்கு இரத்தாயிற்று. ஆதாரம் பற்றிய அம்முடிவில் நான் தலையிடவில்லை. நான் நினைத்துப்பார்ப்பது வேறு: நாளை வரப்போகும் எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தான் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். அவரும் ஒரு துணைப்பாத்திரம்.

இறுதியாகக் கங்கம்மாவிடம் திரும்புகிறேன். ஜாத்திரையை நான் மேலே குறைசொன்னதுபோல் தோன்றினால், அது நம் நடத்தையைப் பற்றியதேயன்றி அவளைப் பற்றியதன்று. அவளுடைய கதையின் தருக்கம் நம்முடையதற்கு நேர்மாறானது. பைராகியும் துரையும் ஆண்வேடங்கள். அவை களையப்படும்போது வெளிப்படுவது பெண். ஆணே அங்கே ஒப்பனை, பெண்ணே மெய். ஆண்டுதோறும் இதை நம் தெருக்களில் நடத்திக்காட்டிவிட்டு, சேலையைக் களைந்தபின் எஞ்சுவதே உண்மை என்று நம்பி வீடு திரும்புகிறோம். திருவிழாவின் முடிவில் கோயில்முன் களிமண்ணால் சமைத்த அம்மனின் பேருருவைக் கலைத்து, அம்மண்ணை அடியவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். உருவம் கலைந்தபின்னும் ஒரு பிடி மண் வீட்டில் இருக்கிறது. ரூகாவின் உலகம் கலைக்கப்பட்டபோது அவள் கையில் அந்த ஒரு பிடி கூடத் தரப்படவில்லை.

அனிமேயையும் திரைப்படத்தையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'திருநங்கையர் சித்திரிப்பு' என்று தலைப்பிட்டு, நேர்மறையா எதிர்மறையா என்று பட்டியலிடும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய வந்துவிட்டன. நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அந்த அளவுகோலில் ரூகா 'நேர்மறை'ப் பெட்டிக்குள் எளிதாக அடங்கிவிடுவாள். அவள் நல்லவள், இரக்கத்துக்குரியவள். வேறு கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். கதையின் முடிவில் நினைவு யாரிடம் எஞ்சுகிறது? மூன்றாம் வழி யாருக்காகத் தேடப்படுகிறது, யாருக்காகத் தேடப்படுவதில்லை? பாத்திரத்துக்குத் தரப்பட்ட பெண்மை எத்தனை நாளுக்கு? இக்கேள்விகளோடு பார்த்தால் ரூகாவின் 18-ஆம் பகுதி வேறொன்றாகத் தெரியும். வகுப்பறையில் நம் அருகில் அமர்ந்திருப்பவரும் வேறாகத் தெரியக்கூடும்.

மாடியில் அக்கேள்வியைக் கேட்ட தோழர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். விடை சரியில்லையெனில் சொல்லுங்கள். அடுத்த கூடுகைக்கு நானே தேநீர் வாங்கி வருகிறேன்.